பாட்டில்லாத பப்: லண்டன் ‘பிரின்சஸ் லூயிஸ்’

லண்டனின் ஹோபர்ன் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து, ஹை ஹோபர்ன் சாலையில் மேற்கு நோக்கிச் சற்று நடந்தால் ‘பிரின்சஸ் லூயிஸ்’ என்ற பழைய பப் வருகிறது. விக்டோரியா மகாராணியின் நான்காவது மகளின் பெயர் அதற்கு. கட்டடம் 1872இல் எழுந்தது. இன்று நாம் காணும் உள்ளலங்காரம் 1891இல் செய்யப்பட்டது. வடக்கு யார்க்‌ஷயரின் டாட்காஸ்டர் ஊரில் 1758 முதல் இயங்கிவரும் சாமுவேல் ஸ்மித் பீர் ஆலைக்கு இந்த பப் சொந்தம். எனவே அந்த ஆலையின் மற்ற பப்புகளில் நடப்பது இங்கும் நடக்கிறது: பாட்டு இல்லை, தொலைக்காட்சி இல்லை, ஜூக்பாக்ஸ் இல்லை. இந்த மதிப்புரை அந்த இல்லாமையைப் பற்றியது. பீரையும் கண்ணாடிகளையும் புகழ்ந்து ஏராளமானோர் எழுதிவிட்டார்கள். இந்த அமைதியை யார் தீர்மானித்தார்கள், அதனால் யாருக்கு என்ன லாபம், யாருக்கு என்ன இழப்பு என்பதைப் பேசுவோர் குறைவு.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் நீண்ட மரக் கல்லா. அதைச் சுற்றிச் செதுக்கிய மரச்சட்டங்களும் பொறிவேலை செய்த பனிக்கண்ணாடிகளும் கொண்ட தடுப்புகள், இடத்தைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரிக்கின்றன. விக்டோரியா காலத்தில் குமாஸ்தாவும் கூலித் தொழிலாளியும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் குடிப்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு இது. இடைக்காலத்தில் அகற்றப்பட்டிருந்த தடுப்புகளை 2007–2008இல் நடந்த சீரமைப்பின்போது ஆலை மறுபடியும் அமைத்தது. பிற நிறுவனங்கள் சுவரை இடித்து இடத்தை அகலமாக்கிக்கொண்டிருந்த காலத்தில், கூட்டம் கொள்ளும் அளவைக் குறைத்துக்கொள்ளும் ஒரு வேலைக்குப் பணம் செலவிட்டது பாராட்டுக்குரியது. சுவர்களில் வண்ண ஓடுகள், தங்க முலாம் பூசிய பெரிய கண்ணாடிகள், தரையில் மொசைக், தலைக்கு மேல் அழுத்திய பூவேலைக் கூரை. ஆண்கள் கழிப்பறையின் பளிங்கு வேலைப்பாடும் பாதுகாக்கப்பட்ட மரபுச் சின்னத்தின் ஒரு பகுதி என்பதால், குடிக்காதவர்கூட ஒரு சாக்குச் சொல்லி அங்கே போய்வரலாம்.

தடுப்புக்குள் உட்கார்ந்து பேசும்போதுதான் பாட்டில்லாததன் அருமை புரிகிறது. இன்றைய பெருநகர பப்பில் எதிரே இருப்பவரிடம் ஒரு வாக்கியத்தைச் சொல்லிமுடிக்க இரண்டு முறை கத்த வேண்டியிருக்கிறது. பாட்டின் ஒலியைத் தாண்டிப் பேச ஒருவர் குரலை உயர்த்த, அவரைத் தாண்டிப் பேச அடுத்தவர் உயர்த்த, கடைசியில் யாரும் யாரையும் கேட்பதில்லை. இங்கே குரலைத் தாழ்த்தியே பேச முடிகிறது. பக்கத்து அறையில் இருப்பவரின் முகம் பனிக்கண்ணாடிக்குப் பின்னால் கலங்கலாகத் தெரிகிறது. அவர் சிரிப்பது கேட்கிறது, ஆனால் எதற்குச் சிரித்தார் என்பது கேட்பதில்லை. கைப்பம்பை இழுக்கும்போது பீர் குவளைக்குள் விழும் ஓசை தெளிவாகக் காதில் விழுகிறது. ஆயினும் இதை நூலக அமைதி என்று நினைத்துவிடக் கூடாது. அலுவலகங்கள் விட்ட பிறகு கூட்டம் சேர்ந்தால், சுவர் ஓடுகளும் கண்ணாடிகளும் நிறைந்த இந்த அறை ஒலியை விழுங்காமல் திருப்பி அனுப்புகிறது. அப்போது பாட்டே இல்லாமல் இரைச்சல் உண்டாகிறது. அமைதியை விரும்புவோர் மதிய உணவு நேரம் கழிந்து, மாலைக் கூட்டம் வருவதற்கு முன் போவது நல்லது.

குடிப்பதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல வேண்டும். இந்த ஆலையின் பப்புகளில் ஆலையின் சொந்தச் சரக்கே கிடைக்கும். லாகர் என்னும் வெளிர்நிறப் பீரில் உலகறிந்த பெயர்களைக் கேட்டால் கிடைக்காது, ‘டாடி லாகர்’தான். மரப் பீப்பாயில் வரும் ‘ஓல்டு ப்ரூவரி பிட்டர்’ நான்கு சதவீத ஆல்கஹால் கொண்டது. சற்று இனிப்பும் வறுத்த தானிய மணமும் சேர்ந்த, அவசரமில்லாமல் குடிக்க வேண்டிய பீர். புட்டியில் வரும் ஓட்ஸ் ஸ்டவுட் என்ற கருநிறப் பீர் இதைவிடச் செறிவானது, என் தேர்வும் அதுவே. குளிர்பானம் வரை சொந்தப் பெயரிலேயே விற்பது இந்த நிறுவனத்தின் பிடிவாதம். பிறர் பெயருக்கும் பிறர் சரக்கிற்கும் காசு கொடுக்க மறுக்கும் இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொண்டால், பாட்டு ஏன் நின்றது என்பதைப் புரிந்துகொள்வது எளிது.

2004இல் சாமுவேல் ஸ்மித் தன் பப்புகளில் பதிவுசெய்த இசை, நேரடி இசை இரண்டையும் நிறுத்தியது. இசைக்கான உரிமத்தொகையை மிச்சப்படுத்துவதே அதற்கான காரணம் என்று அப்போது செய்தி வெளியானது. பிரிட்டனில் பொது இடத்தில் ஒரு பாட்டை ஒலிக்கவிட்டால் இரண்டு தரப்புக்குக் கட்டணம் சேர வேண்டும். பாட்டை எழுதியவர், மெட்டமைத்தவர், வெளியீட்டாளர் ஆகியோரின் சார்பில் வசூலிப்பது 1914இல் தொடங்கிய பிஆர்எஸ். அந்தப் பதிவை உரிமையாக வைத்திருக்கும் நிறுவனத்துக்காகவும் அதில் பாடியவர், வாசித்தவருக்காகவும் வசூலிப்பது 1934இல் தோன்றிய பிபிஎல். இரண்டாவது அமைப்பு பிறந்த கதையும் ஒரு கடையில்தான் நடந்தது: பிரிஸ்டல் நகரில் கார்வர்டைன் என்ற தேநீர்க் கடை வாடிக்கையாளர்களுக்காக ஒரு கிராமபோன் இசைத்தட்டை ஒலிக்கவிட, இசைத்தட்டு நிறுவனம் வழக்குத் தொடுத்து வென்றது, தட்டை விலைகொடுத்து வாங்கிவிட்டால் அதைக் கடையில் ஊரறிய ஒலிக்கவிடும் உரிமையும் கூடவே வந்துவிடாது என்பது அதிலிருந்து சட்டமாக நிலைத்தது. இரண்டு அமைப்புகளும் சேர்ந்து லெஸ்டர் நகரில் கூட்டு நிறுவனம் அமைத்து, 2018 முதல் இரண்டு கட்டணத்தையும் ஒரே உரிமமாக விற்கின்றன. ஒரு பப் வானொலியைத் திறந்து வைத்தாலும், தொலைக்காட்சியை ஓடவிட்டாலும் இந்த உரிமம் தேவை. கார்ப் பழுதுபார்க்கும் க்விக் ஃபிட் நிறுவனத்தின் பட்டறைகளில் ஊழியர்கள் வானொலி கேட்டதற்கே 2007இல் பிஆர்எஸ் ஸ்காட்லாந்து நீதிமன்றத்துக்குப் போயிற்று என்றால், பப்புகளை அது சும்மா விடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கட்டணத்தை அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். பாட்டு ஒலித்தால் கூட்டம் அதிக நேரம் உட்கார்ந்து அதிகம் குடிக்கும் என்று நம்பித்தான் பப் உரிமையாளர் பாட்டுப் போடுகிறார். அந்த வருமானத்தில் பாட்டெழுதியவருக்கும் ஒரு பங்கு சேர்வது முறைதான். கட்டணம் வேண்டாம் என்றால் பாட்டை நிறுத்திவிடலாம் என்பதும் முறைதான். இருநூறை ஒட்டிய எண்ணிக்கையில் பப்புகளை நடத்தும் ஒரு நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் மிச்சமாகும் தொகை சிறியதாக இருக்காது. அந்தப் பப்புகள் நீண்ட காலம் மலிவு விலைக்குப் பெயர் பெற்றிருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டதுண்டு. இந்த அளவில் எனக்கு எந்த வழக்கும் இல்லை.

ஆனால் கணக்குப் புத்தகத்தோடு இது நின்றுவிடவில்லை. 2017இல் கெட்ட வார்த்தை பேசுவோருக்குப் பரிமாறக் கூடாது என்று ஆலை உத்தரவிட்டது. 2019இல் கைப்பேசி, மடிக்கணினி முதலியவற்றைப் பப்புக்குள் பயன்படுத்தத் தடை வந்தது. அழைப்பு வந்தால் வெளியே போய்ப் பேச வேண்டும். இவற்றுக்கு எந்த உரிமத்தொகையும் இல்லை, மிச்சமாகும் காசும் இல்லை. பப் என்பது மனிதர்கள் நேருக்கு நேர் பேசும் இடம், அதில் குறுக்கிடும் எதுவும் வேண்டாம் என்ற ஒரே ரசனைதான் பாட்டுத் தடையிலிருந்து கைப்பேசித் தடை வரை ஓடுகிறது. அந்த ரசனையோடு எனக்கு முக்கால்வாசி உடன்பாடு உண்டு. எனினும், ஒரு குடும்ப நிறுவனத்தின் ரசனை, மான்செஸ்டரின் பப்புக்கும் லண்டனின் பப்புக்கும் யார்க்‌ஷயரின் சிற்றூர்ப் பப்புக்கும் ஒரே உத்தரவாக டாட்காஸ்டரிலிருந்து வரும்போது, அந்தந்த ஊருக்கு எது பொருந்தும் என்ற கேள்வியே எழுவதில்லை. இந்த ஆலையின் பப்புகளில் பெரும்பாலானவற்றை நடத்துவோர், மாடியில் குடியிருந்தபடி சம்பளத்துக்கு வேலை செய்யும் மேலாளர்கள். வாசலில் நின்று வாடிக்கையாளரின் முகச்சுளிப்பைத் தாங்குபவர்கள் அவர்கள்; முடிவெடுப்பவர்கள் அவர்கள் அல்லர்.

அரசு இதே காலத்தில் முதலில் கெடுபிடி செய்து, பிறகு எதிர்த்திசையில் நடந்தது என்பதுதான் வேடிக்கை. 1960களின் மது உரிமச் சட்டத்தில் ‘இருவர் விதி’ என்று ஒன்று இருந்தது: ஒரு பப்பில் இரண்டு பேர் வரை தனியாகக் கேளிக்கை உரிமம் வாங்காமல் பாடலாம், வாசிக்கலாம், மூன்றாவது ஆள் சேர்ந்தால் உள்ளாட்சியிடம் உரிமம் வாங்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் சட்டம், 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோது இந்தச் சலுகையை நீக்கிவிட்டது. அதன்பின் ஒரே ஒருவர் கிதாரோடு பாடுவதாக இருந்தாலும் பப்பின் உரிமத்தில் அதற்கான அனுமதி இருக்க வேண்டும் என்றாயிற்று. பெரிய திரையில் கால்பந்துப் போட்டியைக் காட்டி நூறு பேரைக் கூச்சலிட வைப்பதற்கு இந்த அனுமதி தேவைப்படவில்லை. மூலையில் ஒருவர் மெல்லப் பாடுவதற்குத் தேவைப்பட்டது. இதைச் சுட்டிக்காட்டி இசைக்கலைஞர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். அதே சட்டம் கருவி ஒலியைப் பெருக்காத, மோரிஸ் என்ற ஆங்கில நாட்டார் நடனத்துக்கு மட்டும் விலக்கு அளித்திருந்தது. காலில் மணி கட்டிய ஆட்டக்காரர்கள் இங்கிலாந்தின் நாடாளுமன்றத்தில் எவ்வளவு செல்வாக்கு உடையவர்கள் என்பதை அன்றுதான் நாடு அறிந்தது. பிறகு, கிளெமென்ட் ஜோன்ஸ் பிரபு கொண்டுவந்த தனிநபர் மசோதா 2012இல் சட்டமாகி, காலை எட்டு மணி முதல் இரவு பதினொரு மணி வரை, இருநூறு பேருக்கு மிகாத கூட்டத்துக்கு, மது உரிமம் உள்ள இடங்களில் நேரடி இசையை அனுமதித் தொல்லையிலிருந்து விடுவித்தது. 2015இல் அந்த வரம்பு ஐந்நூறாக உயர்ந்தது. ஆக, இன்று பிரின்சஸ் லூயிஸ் போன்ற ஒரு பப்பில் ஒருவர் பாட விரும்பினால் உள்ளாட்சி குறுக்கே நிற்காது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே. இங்கே பூசாரி பீர் ஆலை.

பீர் ஆலையின் பிடி பாட்டோடு நிற்பதன்று. ஆலைக்குச் சொந்தமான பப்பைக் குத்தகைக்கு எடுப்பவர் ஆலை சொல்லும் பீரை ஆலை சொல்லும் விலைக்கு வாங்க வேண்டும் என்ற கட்டு இங்கிலாந்தில் மிகப் பழையது. 1989இல் அரசு, இரண்டாயிரத்துக்கு மேல் பப் வைத்திருந்த பெரிய ஆலைகளை அந்தப் பிடியைத் தளர்த்தச் சொன்னது. ஆலைகள் பப்புகளைக் கூட்டம் கூட்டமாக விற்க, பீர் காய்ச்சாத பெரிய பப் நிறுவனங்கள் அவற்றை வாங்கி அதே கட்டைத் தொடர்ந்தன. 2016இல் வந்த பப் நடத்தை விதிகள் குத்தகைதாரருக்குச் சில உரிமைகளைத் தந்தன. சூதாட்ட இயந்திரங்களை நிறுவனம் சொல்லும் இடத்தில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதையும் கட்டுப்படுத்தின. ஆனால் அவை ஐந்நூறும் அதற்கு மேலும் குத்தகைப் பப்புகள் உள்ள நிறுவனங்களுக்கே பொருந்தும். சம்பள மேலாளரை வைத்து நடத்தும் நடுத்தர ஆலைக்கு அவற்றால் ஒன்றுமில்லை. அவர் வீட்டில் அவர் பாட்டை நிறுத்துகிறார் என்று சட்டம் விலகிக்கொள்கிறது.

பிரின்சஸ் லூயிஸைப் பொறுத்தவரை இதில் ஒரு கசப்பு உண்டு. 1950களில் இதே பப்பின் மாடியில் ‘பாலட்ஸ் அண்ட் புளூஸ்’ என்ற பாட்டு மன்றம் கூடியது. பாடகரும் நாடகக்காரருமான யூவன் மக்கால் அதன் முக்கியப் பாடகர்களில் ஒருவர். பிரிட்டனில் பின்னர் ஊர் ஊராக எழுந்த நாட்டார் பாட்டு மன்றங்களுக்கு அது ஒரு முன்னோடி. கீழே குடித்துவிட்டு மேலே ஏறி, மின்கருவி ஏதுமின்றி ஒருவர் பாட மற்றவர்கள் பல்லவியில் சேர்ந்துகொள்ளும் அந்த வழக்கத்துக்கு பப்பின் மாடியறைதான் தாய்வீடு. வாடகை சொற்பம், கூட்டம் சிறிது, குடிப்பதில் பப்புக்கு வருமானம். இருதரப்புக்கும் கட்டுப்படியான ஏற்பாடு அது.

இங்கேதான் உரிமத்தொகை என்ற காரணம் எனக்குப் போதாமல் போகிறது. ஆசிரியர் பெயர் தெரியாத, நூற்றாண்டுகள் பழைய நாட்டார் பாடலுக்குப் பதிப்புரிமை கிடையாது; பெயர் தெரிந்த பாட்டாக இருந்தாலும் ஆசிரியர் இறந்து எழுபது ஆண்டு கழிந்தால் உரிமை முடிந்துவிடும். அத்தகைய பாடலை ஒருவர் வாயால் பாடும்போது, அண்மைக்காலத்தில் ஒருவர் உரிமையோடு அமைத்த வடிவத்தைப் பின்பற்றாதவரை, பிஆர்எஸுக்குச் சேர வேண்டியது ஒன்றுமில்லை. பதிவே இல்லாததால் பிபிஎல்லுக்கும் ஒன்றுமில்லை. நடைமுறையில் ஒரு மன்றத்தின் மாலையில் பழம்பாட்டோடு புதுப்பாட்டும் கலந்துவிடும், யார் எதைப் பாடுகிறார் என்று மேலாளர் காவல் காக்க முடியாது என்பது உண்மை. முழுத் தடை நிர்வாகத்துக்கு எளிது. ஆனால் மரபைக் காப்பதற்காகவே மரத்தடுப்பைத் திரும்பக் கொண்டுவந்த ஒரு நிறுவனம், அதே கட்டடத்தின் பாட்டு மரபை நிர்வாக வசதிக்காக விட்டுவிட்டது என்பதை என்னால் எளிதில் ஏற்க முடியவில்லை. 1891இன் கண்ணாடி மரபு என்றால், 1950களின் மாடிப் பாட்டும் மரபுதான்.

ஆலை உடைமை என்றாலே பாட்டுக்குப் பகை என்று முடிவு கட்டுவதும் தவறு. லண்டனின் தென்மேற்கில் யங்ஸ் நிறுவனத்தின் பப்புகள் இரண்டைச் சொல்லலாம். பார்ன்ஸில் தேம்ஸ் கரையோரம் உள்ள ‘புல்ஸ் ஹெட்’ 1959 முதல் ஜாஸ் இசைக்குப் பெயர் பெற்றது. பட்னியில் உள்ள ‘ஹாஃப் மூன்’ 1963 முதல் நேரடி இசைக்கு இடமளித்து வருகிறது. யங்ஸ் அப்போது வாண்ட்ஸ்வொர்த்தில் சொந்தமாகப் பீர் காய்ச்சிய ஆலை; 2006இல்தான் அந்த ஆலை மூடப்பட்டது. இரண்டிலும் குடிப்பவருக்கு ஓர் இடம், கேட்பவருக்குத் தனி அறை என்று பிரித்துவைத்திருப்பதால், பாட்டு வேண்டாதவர் முன்பக்கத்தில் நிம்மதியாக உட்கார முடிகிறது. மறுபக்கம், 1979இல் தொடங்கிய வெதர்ஸ்பூன் என்ற பப் நிறுவனம் ஆலையே அல்ல. ஆனாலும் அதன் பெரும்பாலான பப்புகளில் பாட்டு கிடையாது. எனினும் அந்த நிறுவனம் ‘லாய்ட்ஸ் நம்பர் ஒன்’ என்ற பெயர் தாங்கிய கிளைகளில் பாட்டை அனுமதித்து, பெயர்ப்பலகையிலேயே வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறது. வாசலில் நிற்பவர் தனக்கு எது வேண்டுமோ அதைத் தேர்ந்துகொள்ளலாம்.

சாமுவேல் ஸ்மித்திடம் நான் கேட்பதும் இவ்வளவுதான். கீழ்த்தளத்தில் இப்போதுள்ள விதி அப்படியே இருக்கட்டும். ஒலிபெருக்கி வேண்டாம், திரை வேண்டாம், கைப்பேசியும் வேண்டாம். வாரத்தில் ஒரு மாலை, கதவை மூடிக்கொள்ளக்கூடிய தனி அறை உள்ள பப்புகளில் மட்டும், ஒலிபெருக்கி இல்லாத பாட்டுக்கு அந்தந்த மேலாளரே அனுமதி தரலாம் என்று விட்டால், அமைதியைத் தேடி வருபவர் எதையும் இழக்கப்போவதில்லை. உரிமத்தொகைதான் தடை என்றால், பாடவரும் மன்றமே அதைத் தன் வசூலிலிருந்து கட்டட்டும். பீரின் விலை ஒரு பென்னிகூட உயர வேண்டியதில்லை.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: கட்டடத்துக்கும் அதைப் பேணும் முறைக்கும் முழு மதிப்பெண், பேச்சுக்கு உகந்த சூழலுக்கு, மாலைக் கூட்ட நேரம் நீங்கலாக, அதற்கு அடுத்த மதிப்பெண், இசைக் கொள்கைக்குப் பாதிதான், அதுவும் பின்னணிப் பாட்டை நிறுத்தியதற்காக. நண்பரோடு நெடுநேரம் பேச வேண்டியவர், தனியாக ஒரு மூலையில் புத்தகம் படிக்க விரும்புபவர், பழைய லண்டனைக் கண்ணால் காண வந்தவர் ஆகியோருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஹை ஹோபர்ன் சாலையிலேயே கிழக்கே உள்ள ‘சிட்டி ஆஃப் யார்க்’, ஃபிளீட் தெருவில் 1667இல் மீண்டும் கட்டப்பட்ட ‘யீ ஓல்டு செஷயர் சீஸ்’ ஆகியவையும் இதே ஆலையின் கைவசம் இருப்பதால், ஒரே பிற்பகலில் மூன்றையும் பார்த்துவிடலாம். பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கும் கால்பந்துப் போட்டிக்கும் இவை ஏற்ற இடமல்ல. பாட்டோடு குடிக்க விரும்புவோர் வாட்டர்லூ நிலையத்தில் ரயிலேறி பார்ன்ஸ் பிரிட்ஜில் இறங்கினால், ஆற்றங்கரையோடு சில நிமிட நடையில் புல்ஸ் ஹெட் வந்துவிடும். அன்று யார் வாசிக்கிறார் என்பதை முன்கூட்டியே பார்த்து, நுழைவுச்சீட்டு தேவையா என்பதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது.